கண்ணாடியில் இரண்டு சொட்டு

மதியம் மூன்று மணிக்கு அப்பா ஃப்ரீசரைத் திறந்தார். வீட்டில் எல்லோரும் அந்தச் சத்தத்துக்காகத்தான் காத்திருந்தோம்.

சனிக்கிழமை அப்பாவுக்கு வார விடுமுறை. பஸ் டிரைவர் என்பதால் விடுமுறை நாளிலும் ஐந்து மணிக்கே விழித்துவிடுவார். விழித்தவர் சும்மா இருக்க மாட்டார். எலுமிச்சம்பழம் பிழிந்து, சர்க்கரை கலந்து, சின்ன எவர்சில்வர் டம்ளர்களில் ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பூனை நட்டு ஃப்ரீசரில் வைப்பார். மூன்று மணிக்கு டம்ளரைக் குழாய்த் தண்ணீரில் ஒரு சுற்றுக் காட்டி, ஸ்பூனைத் திருகி இழுத்தால் 'ப்ளக்' என்று வரும். இந்தக் கோடை முழுவதும் ஒரு சனிக்கிழமைகூடத் தவறவில்லை. அக்கா மகளுக்காகத்தான் எல்லாம். நான்கு வயது. வீட்டில் அவளைச் சுண்டெலி என்றுதான் கூப்பிடுவோம். மறுநாள் அக்காவும் அவளும் ஊருக்குக் கிளம்புகிறார்கள். திங்கட்கிழமை அவளுக்குப் பள்ளிக்கூடம்.

"தாத்தா, எனக்கு ரெண்டு."

"உனக்கு இல்லாததா? வாங்கிக்கோ."

சமையலறைத் தரையில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் அதுதான். அம்மா காலை நீட்டி, புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டிருந்தாள். அக்கா சுவரில் சாய்ந்து, கண்ணை மூடி, ஐஸைக் கன்னத்தில் ஒதுக்கியிருந்தாள். சுண்டெலியின் முழங்கை வரை சர்க்கரைத் தண்ணீர் வழிந்தது. யாரும் துடைக்கவில்லை.

நான் பாதி சாப்பிட்டுவிட்டு எழுந்தேன். தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். அன்று அங்கே மூன்று மணி வரை மின்சாரம் கிடையாது. நாலு மணிக்கு மேடம் வந்து திறப்பதாகச் சொல்லியிருந்தார். முந்தின நாள் மாலை எடுத்த தண்ணீர் மாதிரியை நான் கொண்டுபோக வேண்டும். அதை எடுத்துவர நேரமாகிவிட்டதால் வேன் என்னை நேராக வீட்டில் இறக்கிவிட்டது. இரண்டு பாட்டில்களையும் எங்கள் ஃப்ரிட்ஜில் காய்கறி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்தேன்.

ஒன்றுதான் இருந்தது.

காய்கறி டப்பாவை வெளியே எடுத்துப் பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன்.

"அப்பா, இங்க ரெண்டு பாட்டில் வச்சிருந்தேனே."

"ஒளிச்சு வச்சிருந்தியே, அதா?" அப்பா ஸ்பூனை நக்கினார். "ஒண்ண ஐஸுக்கு ஊத்திட்டேன். நல்லா ஜில்லுன்னு இருந்துச்சு. கதவுல இருந்ததெல்லாம் காலி, கேன்ல இருக்கறது வெந்நி மாதிரி இருக்கு, அது எப்பக் கட்டியாகறது?"

இதில் அப்பாவைக் குற்றம் சொல்ல முடியாது. பரிசோதனைக்கூடத்தில் கீறல் விழுந்த பாட்டில்களைத் தூக்கிப் போடுவதற்கு முன் நான்தான் வீட்டுக்குக் கொண்டுவருவேன். கெட்டியான பாட்டில், அகலமான வாய். எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் ஏழு இருக்கின்றன. எல்லாவற்றிலும் குடிதண்ணீர்தான் பிடித்துவைப்போம். 'இதைத் தொடாதீங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அம்மா, "வேலையை வேலையில வச்சுட்டு வா, என் அடுப்படிக்குக் கொண்டு வராதே" என்று ஆரம்பிப்பாள். அதற்குப் பயந்து டப்பாவுக்குப் பின்னால் தள்ளிவைத்தேன்.

மீதியிருந்த பாட்டிலின் மூடியைத் திருப்பிப் பார்த்தேன். அதில் எண் இல்லை.

"அப்பா, மூடியில பச்சையா நம்பர் போட்டிருந்ததே?"

"அது நம்பரா? சுண்டெலி கிறுக்கினதுன்னு நினைச்சேன். ரெண்டு மூடியையும் சோப்பு போட்டுத் தேய்ச்சுட்டேன்."

அவள் ஸ்கெட்ச் பேனாதான். தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் என் மார்க்கர் காய்ந்துவிட்டது. பையைத் துழாவியபோது அவள் எப்போதோ போட்டுவைத்த பச்சைப் பேனா கிடைத்தது. அதால் ஒன்று, இரண்டு என்று எழுதினேன்.

ஒன்றாம் எண் பாட்டிலில் கிணற்றுத் தண்ணீர். தொழிலாளர் குடியிருப்பு ஒன்றின் கிணறு. அங்கே அந்த வாரத்தில் ஒன்பது பேர் வாந்தியும் பேதியுமாக ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தார்கள். நாலு பேர் குழந்தைகள். இரண்டாம் எண் பாட்டிலில் காய்ச்சி வடித்த சுத்தமான தண்ணீர். எங்கள் பாட்டிலும் கையும் சுத்தம்தானா என்று பார்க்க அதையும் கூடவே எடுத்துப்போய்க் கொண்டுவருவோம். இரண்டும் ஒரே பாட்டில், ஒரே அளவு, ஒரே நிறம்.

ஐஸில் போனது எது என்று எனக்குத் தெரியவில்லை.

எனக்குத் தெரிந்தது வேறு. உறைந்தால் கிருமி செத்துப்போகாது. எலுமிச்சைப் புளிப்பு கொஞ்சத்தைக் கொல்லும், எல்லாவற்றையும் கொல்லாது. சில மணி நேரத்திலும் தெரியலாம், மூன்று நாள் கழித்தும் தெரியலாம். பெரியவர்கள் தாங்கிவிடுவார்கள். பதினான்கு கிலோ எடையுள்ள உடம்பிலிருந்து ஒரே நாளில் எவ்வளவு தண்ணீர் வெளியேறலாம் என்பதும் எனக்குத் தெரியும். நாக்கில் இன்னும் எலுமிச்சை இனித்தது.

சொல்ல வேண்டும். வாய் வரவில்லை. பஸ்ஸில் இறங்கும் இடத்தைச் சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த நிறுத்தம் வரை போய் நடந்து வந்தவள் நான். அந்த பஸ்ஸை ஓட்டியது என் அப்பா. அந்தக் கதையை வீட்டில் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள்.

"தாத்தா, இன்னொண்ணு," என்றாள் சுண்டெலி.

அப்பா மூன்றாவது டம்ளரைக் குழாயில் காட்டினார். ப்ளக். அவள் வாயைத் திறந்தாள். நான் பாய்ந்துபோய் அவள் கையிலிருந்து ஸ்பூனைப் பிடுங்கி சிங்கில் எறிந்தேன்.

அவள் வீறிட்டாள்.

"உனக்கென்ன கிறுக்கா?" அக்கா எழுந்தேவிட்டாள். "குழந்தை கையில இருந்து பிடுங்கறே?"

"அக்கா, யாரும் சாப்பிடாதீங்க. எல்லாத்தையும் கீழ வைங்க."

பிறகு சொன்னேன். எத்தனை வாக்கியத்தில் சொன்னேன் என்று நினைவில்லை. கிணறு, ஒன்பது பேர், அதில் நாலு குழந்தைகள், பச்சைப் பேனா.

அம்மாதான் முதலில் பேசினாள். "ஊர்க் கிணத்துத் தண்ணியைக் கொண்டுவந்து என் ஃப்ரிட்ஜுல வச்சியா? கத்தரிக்காய் பக்கத்துல?"

"அம்மா, கத்தரிக்காயா இப்ப முக்கியம்?" என்றாள் அக்கா. குழந்தையைத் தூக்கிக் குழாயடியில் வைத்து வாயைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவுவதால் ஒரு பயனும் இல்லை. நான் அதைச் சொல்லவில்லை. "துப்பு. துப்புடி செல்லம். இன்னும் துப்பு."

அப்பா கையில் டம்ளரோடு அப்படியே நின்றார். "நான் ரெண்டு குடுத்தேன் அவளுக்கு," என்றார். "நானே என் கையால குடுத்தேன்."

"வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" அக்கா என் பக்கம் திரும்பினாள். அவள் குரல் உயரவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் பரவாயில்லாமல் இருந்திருக்கும். "ஒரே ஒரு வார்த்தை. வெளியில யார்கிட்டயும் பேச மாட்டே, சரி. எங்ககிட்டயுமா?"

நான் தரையில் இருந்த டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்து சிங்கில் கவிழ்த்தேன்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம். செருப்பைப் போடு," என்றாள் அக்கா.

"போலாம். ஆனா என்ன குடிச்சான்னு கேப்பாங்க. எதைச் சொல்றது?" என்றேன்.

"எந்தப் பக்கம் இருந்த பாட்டிலை எடுத்தீங்க?" என்று அம்மா அப்பாவிடம் கேட்டாள்.

"இடது பக்கம். ஆமா, இடதுதான்."

"இடதாவது வலதாவது. நேத்து சாயந்தரம் வெள்ளரிக்காய் எடுக்கறப்ப ரெண்டையும் நகத்தி வச்சதே நான்தான்."

பரிசோதனைக்கூடத்துக்குக் கொண்டுபோய்க் கிருமியை வளர்த்துப் பார்த்தால் தெரியும். ஆனால் அதற்கு ஒரு நாள் ஆகும். ஒரு நாள் முழுவதும் அக்கா குழந்தையின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் மீதிப் பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். தெளிவாக இருந்தது. கிருமி கண்ணுக்குத் தெரியாது. பாட்டிலைச் சிங்க் விளிம்பில் வைத்தேன். அம்மா எவ்வளவு தேய்த்தாலும் குழாயின் கழுத்தில் வெள்ளைக் கறை போகாது. உப்புத் தண்ணீர் காய்ந்து காய்ந்து படிந்த கறை.

சில விநாடிகள் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குத் தெரிந்த விஷயம் அது. பயத்தில் அதுவரை எனக்கு நினைவு வரவில்லை.

"அப்பா, ஷேவ் பண்ற கண்ணாடி எங்க?"

"இப்ப எதுக்கு?"

"குடுங்க. எல்லாரும் மாடிக்கு வாங்க."

மாடிப்படியில் ஏறிக்கொண்டே சொன்னேன். வடித்த தண்ணீர் காய்ந்தால் மிச்சம் ஒன்றும் இருக்காது. கிணற்றுத் தண்ணீரில் உப்பு இருக்கும், காய்ந்தால் வெள்ளையாகக் கறை விடும். இந்தப் பாட்டிலில் கறை வந்தால், கிணற்றுத் தண்ணீர் இதிலேயே இருக்கிறது. நாம் சாப்பிட்டது நல்ல தண்ணீர்.

"வரலைன்னா?" என்றாள் அக்கா.

"உடனே ஆஸ்பத்திரி."

மாடித் தரை கொதித்தது. கொடியில் படுக்கை விரிப்புகள் மொடமொடவென்று காய்ந்து தொங்கின. ஊருக்குக் கட்டிக்கொண்டு போக அக்கா காலையில் துவைத்தவை. கண்ணாடியைத் தரையில் வைத்து, துணியால் துடைத்து, இடது பக்கம் குழாய்த் தண்ணீர் ஒரு சொட்டு விட்டேன். அது எங்கள் வீட்டுக் கறை எப்படி இருக்கும் என்று பார்க்க. வலது பக்கம் பாட்டிலில் இருந்து ஒரு சொட்டு. நாலு பேரும் சுற்றிக் குந்தினோம்.

"நிழல் விழுது, தள்ளுங்க," என்றாள் அம்மா அப்பாவிடம்.

"நீ தள்ளு. உன் நிழல்தான் பெருசு."

யாரும் சிரிக்கவில்லை. வழக்கத்தில் சொல்லிவிட்டார்கள்.

சுண்டெலி அக்காவின் தோளில் விசும்பிக்கொண்டிருந்தாள். காற்று வந்தபோது அப்பா இரண்டு கையாலும் கண்ணாடிக்கு அணை கட்டினார். சொட்டுகள் வானத்தைக் காட்டிக்கொண்டு அசையாமல் இருந்தன. இரண்டு நிமிடம் ஆயிற்று. மூன்று.

"அம்மா, வயிறு வலிக்குது."

அக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை. "எங்கடா? எங்க வலிக்குது?"

மூன்று மணிக்குச் சாப்பிட்டது, இப்போது மூன்றரை. அவ்வளவு சீக்கிரம் வராது. வராது என்று படித்திருக்கிறேன். படித்தது எதுவும் அந்த நேரத்தில் கைகொடுக்கவில்லை.

"இங்க." அவள் தொண்டையைக் காட்டினாள். பிறகு முழங்காலைக் காட்டினாள். "ஐஸ் குடுத்தா போயிடும்."

அம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை.

இடது பக்கச் சொட்டு சுருங்க ஆரம்பித்தது. ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு. பிறகு முழுதும் காய்ந்து, ஒரு பொட்டு அளவு வளையம். எங்கள் வீட்டுத் தண்ணீர்.

வலது சொட்டில் ஒன்றும் இல்லை. நான் பெரிய சொட்டாக விட்டிருந்தேன். அது சுருங்கியது. ஓரம் சுத்தமாக இருந்தது. கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. சுத்தமான தண்ணீருக்கு இவ்வளவு பயப்படுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

"ஒண்ணும் வரலையே," என்றார் அப்பா.

"பொறுங்க."

"வரலையேம்மா."

"அப்பா, பொறுங்க."

சொட்டு ஒரு கடுகளவாக ஆனது. அதன் விளிம்பில் ஏதோ மங்கலாகத் தெரிந்தது. கண் கூசியதால் வருகிறதோ என்று கண்ணைக் கசக்கிப் பார்த்தேன். மங்கல் வெளுத்தது. கடைசி ஈரமும் போனபோது அங்கே கெட்டியான வளையம் இருந்தது. இடது பக்கம் இருந்ததைவிட இரண்டு மடங்கு. நகத்தால் சுரண்டினேன். மாவு போல வந்தது.

"கிணத்துத் தண்ணி," என்றேன். "இது கிணத்துத் தண்ணி. நாம சாப்பிட்டது அது இல்ல."

"நிச்சயமா?" அக்கா கேட்டாள்.

"நிச்சயம்."

"சத்தியமா?"

"சத்தியமா, அக்கா."

அவள் அந்தக் கொதிக்கும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். குழந்தையை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். குழந்தை "விடு, விடு" என்று திமிறியது. அப்பா எழுந்து கொடிப் பக்கம் போய், விரிப்புக்குப் பின்னால் நின்று மூக்கைச் சிந்தினார். "முப்பது வருஷம் வண்டி ஓட்டியிருக்கேன்," என்று அங்கிருந்தே சொன்னார். "ஒருத்தருக்கு ஒரு கீறல் விழுந்தது கிடையாது. பேத்திக்கு ஐஸ் குடுத்து மாட்டப் பார்த்தேன்."

"வந்து பேசுங்க, துணிக்குள்ள நின்னு பேசாம," என்றாள் அம்மா. "சுண்டெலிக்கு வேற ஐஸ் போட்டுத் தரேன். கேன் தண்ணியில. எவ்வளவு நேரம் ஆனாலும் சரி."

அக்கா என்னைப் பார்க்கவில்லை. குழந்தையின் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டே கேட்டாள்: "இப்ப அந்தத் தண்ணியை டெஸ்ட் பண்ணுவியா?"

"முடியாது. மூடியைத் திறந்து கழுவியாச்சு, வீட்டுக் கை பட்டாச்சு. மேடம் ஏத்துக்க மாட்டாங்க. மறுபடி போய் எடுக்கணும்."

"எப்ப?"

"வேன் திங்கட்கிழமைதான்."

"அது வரைக்கும் அவங்க?"

குடிக்க வேண்டாம் என்று எழுதி ஒட்ட ஆய்வு முடிவு வேண்டும். இல்லாத முடிவை யாரும் ஒட்ட மாட்டார்கள். "குடிப்பாங்க," என்றேன்.

"அந்தக் குழந்தைங்களுக்கு என்ன வயசு?" என்றாள்.

"ஒரு பொண்ணுக்கு நாலு."

அக்கா தலையாட்டினாள். அவ்வளவுதான்.

நான் போனை எடுத்தேன். விரல் வியர்த்து இரண்டு முறை தவறான எண்ணைத் தொட்டது. மேடத்திடம் ஒரு தவறைக்கூட இதுவரை நானாகச் சொன்னதில்லை. தவறே செய்யாமல் இருந்து தப்பித்துவந்தேன். மணி அடித்தது. எடுத்துவிடுவாரோ என்று பயமாக இருந்தது. எடுத்துவிட்டார்.

"சொல்லும்மா, கிளம்பிட்டியா?"

"மேடம், மாதிரி கெட்டுப்போச்சு. என்னாலதான். வீட்டு ஃப்ரிட்ஜுல வச்சேன், யார்கிட்டயும் சொல்லல, திறந்துட்டாங்க." நிறுத்தினால் வாய் மறுபடி வராது என்று தெரிந்ததால் நிறுத்தவில்லை. "இன்னைக்கே போய் வேற எடுத்துட்டு வரேன். வேன் வேண்டாம். புது பாட்டில் மட்டும் எடுத்து வைங்க. அப்புறம், முடிவு வர்ற வரைக்கும் தண்ணியைக் கொதிக்க வச்சுக் குடிக்கச் சொல்லி நானே வீடு வீடாப் போய்ச் சொல்லிடறேன்."

"வீடு வீடாவா? நீயா?" என்றார் மேடம்.

"ஆமா, மேடம்."

"எத்தனை வீடுன்னு தெரியுமா? அறுபது."

தெரியும் என்றேன். அப்பா விரிப்பை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார், ஸ்கூட்டர் சாவி எங்கே என்று அம்மாவிடம் கேட்டபடியே படியிறங்கினார். நான் கொதிக்கும் தரையில் குதிகாலை வைக்காமல் அவர் பின்னால் ஓடினேன்.