கரட்டில் கழற்றிய செருப்பு

சர்க்கரை வந்த மனிதனுக்கு ஊரில் வைத்தியர்களுக்குப் பஞ்சமே இல்லை. பாகற்காய்ச் சாறு என்பார் ஒருவர், வெந்தயம் என்பார் இன்னொருவர். டீக்கடைக்காரர் கிளாஸை நீட்டும்போதே, இது சர்க்கரை போடாதது என்று நாலு பேர் காதில் விழச் சொல்லுவார். கொழிஞ்சாம்பாறை காய்கறி மண்டியில் எடைபோட்டுக்கொண்டிருந்த ஆறுச்சாமிக்கு இந்த அக்கறையே பாதி நோயாகிவிட்டது. போன வருடம் வலது காலின் சுண்டுவிரலை எடுத்த பிறகு வேலையும் போய், கேட்கிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்லியே மனிதர் அலுத்துவிட்டார்.

அதனால்தான் எருத்தேன்பதிப் பக்கம் இருக்கும் கரட்டுக்குப் போக ஆரம்பித்தார். பெரிய மலையெல்லாம் இல்லை. மொட்டைப் பாறையும் வேலாமரமுமாக ஒரு சின்னக் குன்று, உச்சியில் ஒரு முருகன். பஸ்ஸில் போய் இறங்கித் தனியாக ஏறுவார், மூச்சு வாங்கினால் உட்காருவார், மறுபடி ஏறுவார். அங்கே சர்க்கரையைப் பற்றிக் கேட்க ஆளில்லை. நடக்கச் சொன்ன டாக்டர் ஒன்றைத்தான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: பாதம் மரத்துப்போய்விட்டது, செருப்பில்லாமல் ஓரடிகூட வைக்கக் கூடாது; இன்னொரு புண் வந்தால் விரலோடு போகாது, காலே போய்விடும்.

ஆனால் அந்தக் கரடு முழுவதும் சாமியுடையது. அடிவாரத்தில் வேல் நட்டிருக்கும் இடத்திலேயே எல்லோரும் செருப்பைக் கழற்றிவிடுவார்கள், ஆடு மேய்க்கிறவர்கள்கூட. ஆறுச்சாமி முதல்நாளே பூசாரி பொங்கியண்ணனிடம் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். வைத்தியத்துக்குப் போட்டிருப்பது சாமிக்குத் தெரியாதா, தாராளமாகப் போட்டுக்கொண்டே வாருங்கள் என்று பூசாரி சொல்லிவிட்டார். சாமி விட்டாலும் மனசு விட வேண்டுமே. திருடப் போகிறவர் மாதிரி ஓரமாகவே ஏறி, சன்னதிக்குள் நுழையாமல் தூர நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்.

பங்குனியில் ஒருநாள் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. சர்க்கரை கட்டுக்குள் வந்திருந்தது. டாக்டரே சிரித்து, இனி மண்டிக்குப் போகலாம் என்றார். ஆறுச்சாமிக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆசுபத்திரியிலிருந்து நேராகக் கரட்டுக்குப் பஸ் ஏறினார்.

போய்ச் சேர்ந்தபோது நல்ல உச்சிவெயில். வேலுக்கு முன்னால் நின்று யோசித்தார். நோயாளியாக வந்தபோது செருப்போடு வந்தோம், சரி. நன்றி சொல்ல வருகிறவனும் அப்படியேவா வருவான்? மனிதன் கெட்டுப்போக இந்த ஒரு யோசனை போதும். கழற்றி வைத்துவிட்டார்.

பாறை சுடவே இல்லை. மற்றவர்கள் நிழலுக்கு நிழல் துள்ளி ஓடும் பாறை அது. முருகன்தான் தனக்காகக் குளிர வைத்திருக்கிறான் என்று நினைத்தார், கண் நிறைந்துவிட்டது. அவசரமில்லாமல் ஏறி, முதல்முறையாகச் சன்னதிக்குள் போய், வெறும் காலோடு வெகுநேரம் நின்றார். இத்தனை நாள் சுமந்த அலுப்பெல்லாம் இறங்கிவிட்டதுபோல இருந்தது.

சாயங்காலம் மனைவி நாச்சம்மாளிடம் நல்ல செய்தியைச் சொன்னார். அவளும் சிரித்துக்கொண்டே, தினமும் பார்ப்பதுபோல அவர் காலைத் தூக்கி மடியில் வைத்துப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. பாதம் முழுக்கக் கொப்புளம். குதிகாலில் ஒன்று உடைந்து தோல் உரிந்திருந்தது. அடுத்த காலும் அப்படித்தான்.

கரட்டில் செருப்பைக் கழற்றியதை அவர் சொன்னார். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு. உடைந்த இடத்துக்குப் பக்கத்தில் விரலை வைத்து மெல்ல அழுத்தினாள்.

"ஏனுங்க, வலிக்குதுங்களா?"

பாறை ஏன் சுடவில்லை என்பது அப்போதுதான் ஆறுச்சாமிக்கு உறைத்தது. வலிக்கிறது என்று அவளுக்காக ஒரு பொய்யாவது சொல்லிவிடப் பார்த்தார்.