பாதி மேடு

உர மூட்டையை இறக்கி வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்தபடி உட்கார்ந்த அழகர், பிறகு எழுந்திருக்கவில்லை. நாற்பத்தைந்து வயது. தோட்டத்து லொறியில் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில், ஹாலிஎலயைத் தாண்டுவதற்குள் உயிர் போய்விட்டது. பிரஷர் இருக்கிறது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். தலை சுற்றினால் மட்டும் மாத்திரை போடுவான். சுற்றாத நாட்களில் தனக்கு ஒன்றுமில்லை என்பான்.

செய்தி வந்தபோது மத்தேயு பெக்டரியில் தேயிலை சலித்துக்கொண்டிருந்தான். இருவரும் ஒரே லயத்து வரிசை வீடுகளில் பிறந்தவர்கள். இளவட்டமாக இருந்த காலத்தில், பொங்கல் விளையாட்டுப் போட்டியில் மலையோட்டம் என்றால் இவர்களில் ஒருவன்தான் முதலில் வருவான். மயானத்துக்குப் போகும் மேட்டுப் பாதையில்தான் ஓட்டம். மேலே போய்ச் சேர்ந்த பிறகும் ஒருவரையொருவர் கேலி பேசிச் சிரிக்க மூச்சு மிச்சமிருக்கும்.

மறுநாள் பிற்பகல் தூறலோடு பெட்டியைத் தூக்கினார்கள்.

“ஒங்களுக்கு இருமல் வேற. பின்னால நடந்து போங்க,” என்றாள் மனைவி றோசாலி.

“அழகர நான் தூக்காம வேற யாரு தூக்குறது?”

முன்பக்கத்தில் தோள் கொடுத்தான் மத்தேயு. முதல் வளைவு வரை ஒன்றும் தெரியவில்லை. அதன்பிறகு மூச்சு உள்ளே போக மறுத்தது. யாரோ நெஞ்சைச் சுற்றிக் கயிறு கட்டி இழுப்பது போல் இருந்தது. கால் இடற, பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தது. கீழே பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து ஓர் அலறல் எழுந்தது.

“அண்ணே, விடுங்க! நான் புடிச்சிக்கிறேன்,” என்று பின்னால் வந்த இளைஞன் ரமேஸ் ஓடிவந்து தோளை நுழைத்தான்.

மத்தேயு பாதையோரத் தண்ணீர்க் கானருகே உட்கார்ந்துவிட்டான். பறைச்சத்தம் வளைவுக்கு வளைவு மேலே போனது. எழுந்து போகவேண்டும் என்று இரண்டு முறை முயன்றான். முடியவில்லை. மண் போடாமலே நண்பனை அனுப்பிவிட்டோமே என்று, இருமலுக்கு நடுவில் வாய்விட்டு அழுதான்.

அடுத்த வாரம் றோசாலி அவனை விடாப்பிடியாகப் பதுளைக்கு அழைத்துப் போனாள். ஒரு குழாயில் பலமாக ஊதச் சொன்னார்கள். டொக்டர் ஸனா இளம் வயதுப் பெண். முடிவைப் பார்த்துவிட்டு, “எத்தனை வருஷமா தூசியில வேலை?” என்று கேட்டாள்.

“கல்யாணத்துக்கு முன்னாடியிருந்து.”

“பீடி?”

“அதுவும்தான் டொக்டர்.”

“வயசு போகப் போக எல்லாருக்கும் மூச்சு கொஞ்சம் குறையும். உங்களுக்கு அது ரொம்ப வேகமா குறைஞ்சிருக்கு.”

“மருந்து எடுத்தா பழைய மாதிரி வருமா?”

“போனது வராது. பீடிய விட்டு, தூசியில இருந்தும் வெளியில வந்தீங்கன்னா, மிச்சம் இருக்கிறதக் காப்பாத்தலாம்.”

தோட்டத்துரையிடம் கெஞ்சிக் கேட்டதில் நாற்றுமேடையில் தண்ணீர் ஊற்றும் வேலை கிடைத்தது. பீடியையும் விட்டான். ஆனாலும் லயத்துப் படிகளில் ஏறும்போது நடுவில் நிற்கத்தான் வேண்டியிருந்தது.

ஒரு மழைநாளில் வேலை சீக்கிரம் முடிந்து வீட்டுக்கு வந்தான். ஈர விறகு எரியாமல் அடுப்படி முழுவதும் புகை மண்டியிருந்தது. உள்ளே றோசாலி சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினாள். தன்னுடைய இருமல் குறைந்த பிறகுதான் அவளுடைய இருமல் அவனுக்குக் காதில் விழுந்தது.

“ஒனக்கு எப்பயிருந்து இப்புடி?”

“எனக்கென்னங்க, பொகதானே,” என்றாள் அவள், முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி. பிறகு குனிந்து மறுபடியும் அடுப்பை ஊதினாள்.