ரொமிக்குத் தெரிந்த வீடு

1

இந்தக் கதை ஒரு வாட்ஸ்அப் வீடியோவிலிருந்து வந்தது. நாயொன்று நடந்துபோய் அலுமாரியில் மோதுகிறது. பின்னால் ஒருவன் சிரிக்கிறான். நகைச்சுவைக் கதை எழுதலாமென்றுதான் உட்கார்ந்தேன். சரிவரவில்லை. மன்னிக்கவும்.

2

முதலில் நாயிடமிருந்து தொடங்கினேன்: ‘ரொமி மூக்கை உயர்த்தியது. ஹந்தானை மலைக் காற்றில் ஒரு பச்சை—’

[மணத்துக்கு ஏது நிறம்? அடித்துவிட்டேன். பிறகு வாசித்தால், நாயின் மூளையில் மூக்கிலிருந்து பார்வைப் பகுதிக்கு நேரடியாகவே ஒரு பாதை இருக்கிறதாம். அடித்தது பிழை. பரவாயில்லை, நாய்கள் இதை வாசிப்பதில்லை.]

3

ஆகவே, சிரித்தவனிடமிருந்து: சயந்தன். கொழும்பில் வேலை செய்யும் அக்கா லதுஷாவுக்குக் கல்யாணம். கல்யாணப் பந்தலுக்குக் கன்னிக்கால் நட ஆட்கள் வருமுன் கண்டி வீட்டைத் துப்புரவாக்கும் பொறுப்பு அவன் தலையில். சுவருக்குப் பெயின்ட், தரைக்குப் பினைல், அலுமாரி வேறு மூலைக்கு. அக்கா வளர்த்த ரொமிக்கும் சவர்க்காரக் குளிப்பு.

ஈரம் காயுமுன்பே ரொமி அலுமாரியில் மோதியது. ‘கல்யாணத்துக்கு முதலே குடிவெறி’ என்று எழுதி, வீடியோவைக் குடும்பத்துக்கும் சிநேகிதர்களுக்கும் அனுப்பினான். எல்லாரும் சிரித்தார்கள். [நானும்.]

மிருக வைத்தியம் படிக்கும் ஃபாஸில் மட்டும் சிரிக்காமல் அழைத்தான்.

“மச்சான், நாய்க்குக் கண் தெரியிதில்லடா. கன நாளாத் தெரியாம இருந்திருக்கும்.”

“உனக்கென்ன விசரே? நேற்றும் வாசல்வரைக்கும் ஓடி வந்ததெல்லே.”

“மணத்தையும் சத்தத்தையும் வச்சு ஓடியிருக்கும். ஊடு வாசலெல்லாம் கழுவினியா?”

“ஓம்.”

“அப்ப அதுட கண்ணையும் சேத்துக் கழுவிட்ட.”

சயந்தன் திரும்பினான். பெயின்ட்காரர் திறந்த கேற் திறந்தபடியே கிடந்தது. ரொமி இல்லை.

4

வத்தேகம வீதி நெடுகக் கூப்பிட்டுத் திரிந்தான். வெறுங்கையோடு திரும்பி வந்து, அலுமாரியைத் தனியாளாகப் பழைய இடத்துக்கு இழுத்தான். பினைலை மட்டும் திருப்பியெடுக்க வழி தெரியவில்லை.

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் ரொமி வாசல்வரை வந்து, மோந்து பார்த்து, வேறு யாருடையோ வீடென்று மரியாதையாகத் திரும்பிப் போகிறது. அதை எழுதியிருக்கக் கூடாது. இன்னொன்றில் பிலிமத்தலாவையிலிருந்து ஒருவர் நாய் கிடைத்ததென்று— [அவ்வளவு தூரம் பஸ்ஸிலா போனது? நீக்கப்பட்டது.]

5

பொழுதுபட லதுஷா அழைத்தாள்.

“தம்பி, வீடியோ பாத்தன். ரொமிக்கு அடிபட்டதே?”

“இல்லையக்கா.”

“சாப்பிட்டதோ?”

“வைச்சிருக்கிறன்.”

பொய்யில்லை. கேற்றடியில் தட்டு வைத்திருந்தான். மரக்கறி மட்டுமே சமைக்கும் கல்யாண வீட்டு வாசலில், சோற்றின்மேல் பொரித்த கருவாடு. பக்கத்தில் அவன் கழற்றிய வியர்வைச் சேட். அம்மா கமலாசனி கண்டுவிட்டு, தட்டுக்குப் பக்கத்தில் தண்ணீர் வைத்துவிட்டுப் போனாள்.

விடிந்தால் அக்கா வந்துவிடுவாள். அதற்குள் யாராவது தட்டைப் பார்க்க வேண்டும். சயந்தன் போகமாட்டான், தட்டு காலியாக இருந்தாலும் எந்த நாய் தின்றதென்று அது சொல்லப்போவதில்லை. எனக்கும் தைரியமில்லை. ஃபாஸிலைத் தவிர, அந்த நாயைப் பார்த்து இன்னும் சிரிக்காதவர் நீங்கள்தான். போய்ப் பாருங்கள்.