நூற்றுத் தொண்ணூறாவது பெயர்

1

இந்தக் கதை ஒரு மஞ்சள் கட்டத்தில் பிறந்தது. கதை எழுதுவது என் தொழில் அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டெட்ராய்ட்டில் இருபத்திரண்டு வருடமாகச் சார்ட்டர் பள்ளிகளுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறேன். அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளிகள் அவை. நடத்துவது அரசு அல்ல. தலைக்கு இவ்வளவு என்று பணம் வரும். தலை குறைந்தால் பணமும் குறையும்.

முதலில் இப்படித்தான் தொடங்கினேன்: "கொள்ளைநோய் நகரத்தின் மீது ஒரு பெரிய—"

வேண்டாம். அந்த வருடத்தை எல்லோரும்தான் பார்த்தோம்.

இரண்டாவது தொடக்கம்: "மிஸ் ஹேர்ஸ்டன் நாற்பது வருடத்தில் அழுததே இல்லை." இது பொய். என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து இரண்டு முறை அழுதிருக்கிறார், இரண்டு முறையும் பள்ளியைச் சூடாக்கும் கொதிகலன் பழுதானதற்காக.

2

ஆகவே நேராகச் சொல்கிறேன். அக்டோபர் முதல் புதன் எங்கள் ஊரில் எண்ணும் நாள். அன்று எத்தனை பிள்ளைகள் வகுப்பில் இருக்கிறார்களோ, அத்தனை பேருக்குத்தான் வருடம் முழுக்கப் பணம். சாதாரண வருடங்களில் அன்று பிட்ஸா உண்டு, சைக்கிள் குலுக்கல் உண்டு. இரவு உடையோடே வரலாம் என்று சொல்லிவிடுவார்கள். மூக்கொழுகும் பிள்ளையைக்கூடப் போர்வையோடு தூக்கிவந்து உட்கார வைப்பார்கள்.

பள்ளிகள் பூட்டிக் கிடந்த அந்த வருடம் பிட்ஸாவை யாருக்குக் கொடுப்பது? புது விதி வந்தது: ஆசிரியர் பாடத்தைப் பற்றிப் பேச வேண்டும், பிள்ளை பதில் சொல்ல வேண்டும். எண்ணும் நாளில் விட்டுப்போனால் அடுத்த பத்துப் பள்ளி நாளுக்குள், கடைசி நாள் மாலை ஐந்து மணிக்கு முன், பேசிவிட வேண்டும். (விதியைக் கதைக்காகச் சுருக்கியிருக்கிறேன். முழுசாகச் சொன்னால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள்.)

மிஸ் ஹேர்ஸ்டன் நான் கணக்குப் பார்க்கும் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியர். பள்ளியை நடத்த உரிமம் கொடுத்த பல்கலைக்கழகம் அவரிடம் கறாராகச் சொல்லிவிட்டது. நூற்றுத் தொண்ணூறு பேர் இருந்தால் ஜூன் வரை நடத்தலாம். ஒருவர் குறைந்தாலும் கிறிஸ்துமஸோடு பூட்டு.

கட்டட உரிமையாளரிடம் கெஞ்சி வாடகையைத் தள்ளிப்போட்டோம். சும்மா நின்ற பள்ளிப் பேருந்தில் இணையக் கருவியை மாட்டி, மதியச் சாப்பாட்டுப் பைகளையும் ஏற்றித் தெருத்தெருவாக அனுப்பினோம். ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் விலகிப் போனதும் மிஸ் ஹேர்ஸ்டனே திரையில் பின்னக் கணக்கு நடத்தினார். எண்ணும் நாளில் சரியாக நூற்றுத் தொண்ணூறு. அன்று நான் கடையில் பீச் பழ கேக் வாங்கித் தனியாகவே தின்று தீர்த்தேன்.

3

இங்கே ஒரு பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. கதாசிரியராக அல்ல, கணக்காளராக.

ஜோவெட்டா, வயது பதினொன்று, ஐந்தாம் வகுப்பு. அந்தப் பத்து நாளின் கடைசித் தேதியன்று காலை பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். மற்றப் பிள்ளைகள் வகுப்புக்குள் கண்டபடி வருவார்கள், வீட்டுப்பாடத்தைக் கெடு முடியும் நிமிடத்தில் அனுப்புவார்கள். இவள் தினமும் 7:52-க்கு வந்தாள். வகுப்பு முடிந்த அரைமணியில் வீட்டுப்பாடம் வந்துவிடும். கேமரா மட்டும் திறந்ததே இல்லை. எண்ணும் நாளில் தட்டச்சு செய்திருந்த பதில்: "ஆமாம் மேடம், இருக்கிறேன்." கமா, முற்றுப்புள்ளி எல்லாம் ஒழுங்காக. எந்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளை முற்றுப்புள்ளி வைக்கும்?

கணினிப் பட்டியலில் அவள் பெயர் இருந்த கட்டத்துக்கு மஞ்சள் பூசினேன். கண்டுகொள்ளாமல் விட்டிருக்கலாம். இந்தக் கதையும் இருந்திருக்காது.

4

பேருந்து ஓட்டுநர் கார்னெல்லைக் கூப்பிட்டு, அந்த வீட்டுக் கதவைத் தட்டிப் பார்க்கச் சொன்னேன்.

"உங்க கம்ப்யூட்டருக்கு எல்லாம் தெரியும், கதவைத் தட்ட மட்டும் கார்னெல் வேணும்," என்றார்.

கதவைத் திறந்தது ஜோவெட்டாவின் அம்மா லாட்ரீஸ். முதியோர் இல்லத்தில் இரவுப் பணி முடித்து வந்த சீருடையோடே இருந்தார். பின்னால் மேசையில் கணினி, அதில் மிஸ் ஹேர்ஸ்டனின் குரல். லாட்ரீஸ் சொன்னதைக் கார்னெல் எனக்குச் சொன்னபடி எழுதுகிறேன். இல்லத்திலிருந்து நோயை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவோம் என்று பயந்து, செப்டம்பரிலேயே மகளை ஃபிளின்ட் நகரில் சித்தி வீட்டில் விட்டுவிட்டார். அங்கே இணையம் கிடையாது. சொன்னால் பெயரை அடித்துவிடுவார்களோ என்று வாயைத் திறக்கவில்லை. இரண்டு வருடம் காத்திருந்து குலுக்கலில் கிடைத்த இடம். ஆகவே தினமும் காலையில் மகளின் பெயரில் தானே வகுப்பில் உட்கார்ந்தார்.

"நான் யாரையும் ஏமாத்தல, மிஸ்டர் கார்னெல். இந்த வீட்லேர்ந்து தினமும் ஒருத்தர் கிளாஸுக்கு வந்துக்கிட்டுதான் இருக்கோம்."

வீட்டுப்பாடமும் அவர் செய்ததுதான். மிஸ் ஹேர்ஸ்டன் பத்துக்கு ஏழு போட்டு, "முன்னேற்றம் தெரிகிறது" என்று எழுதியிருந்தார்.

[இந்த இடத்தில் லாட்ரீஸ் கண்ணீர் விடுவதாக ஒரு பத்தி எழுதி அழித்துவிட்டேன். அவர் அழவில்லை. கார்னெல்லை வாசலில் நிற்க வைத்துவிட்டு, வகுப்பு முடியும்வரை திரும்பிப் போய் உட்கார்ந்தாராம்.]

5

முடிவுகளுக்கு வருவோம்.

முதல் முடிவு: நான் மஞ்சளை அழித்துவிடுகிறேன். பள்ளி பிழைக்கிறது. நான் பொய்க் கையெழுத்துப் போட்டவள்.

இரண்டாவது: 189 என்று எழுதுகிறேன். நான் உத்தமி. 189 பிள்ளைகள் டிசம்பரில் வேறு பள்ளி தேடுகிறார்கள். இதை எழுதும்போது என் மேல் எனக்கே எரிச்சல் வந்தது.

மூன்றாவதைச் சொன்னது கார்னெல்: ஐந்து மணிக்குள் பிள்ளையையே மிஸ் ஹேர்ஸ்டனோடு பேச வைப்பது. ஃபிளின்ட்டில் பகலில் போன் கிடையாது. சித்தி வேலைக்கு எடுத்துப் போய்விடுவாள், இரவு ஏழுக்குத்தான் லாட்ரீஸ் மகளோடு பேசுவார். கெடுவோ ஐந்து மணி.

"சாப்பாட்டுப் பை கொடுத்து முடிச்சுட்டேன். ஒண்ணேகால் மணி நேர ஓட்டம். டீசல் காசை எந்தக் கணக்குல எழுதுவீங்கன்னு மட்டும் யோசிச்சு வைங்க, மிஸ் தேவகி."

போக்குவரத்து நெரிசலையும் சேர்த்தால் இரண்டே முக்கால் மணி நேரம் ஆனது. மிச்சமிருந்த பையில் ஒரு ஆப்பிளும் சீஸ் சாண்ட்விச்சும் இருந்தன. அதோடு கார்னெல் தன் கைபேசியையும் சன்னல் வழியே அந்தப் பிள்ளையிடம் கொடுத்தார். மணி 4:56. மறுமுனையில் மிஸ் ஹேர்ஸ்டன். மூன்றாவது ஆளாக நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

6

"ஜோவெட்டா, மிஸ் ஹேர்ஸ்டன் பேசறேன். நேத்து நடத்தின பாடத்துல—"

"மிஸ் ஹேர்ஸ்டன், அம்மா இன்னிக்கு கிளாஸுக்கு வந்தாங்களா?"

வந்தார் என்று மிஸ் ஹேர்ஸ்டன் சொன்னார்.

"தூங்கினாங்களா?"

"கேமரா இல்லையேம்மா. தெரியல."

"அம்மாவைத் திட்டாதீங்க. தினமும் ஏழு மணிக்கு எனக்குப் பாடம் நடத்துவாங்க. மொதல்ல அவங்களுக்கே வரல. பின்னத்தைக் கூட்டும்போது கீழ இருக்குற நம்பரையும் கூட்டிட்டாங்க. எண்ணும் நாள் பிட்ஸா மாதிரி எல்லாத்தையும் ஒரே அளவா வெட்டிக்கிட்டு அப்புறம் எண்ணும்மான்னு நான்தான் சொல்லிக் கொடுத்தேன்."

மணி 4:59. கேள்வியைக் கேளுங்கள் என்று கத்த எனக்கு வாய் துடித்தது. மிஸ் ஹேர்ஸ்டன் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. கொதிகலன் அல்லாத காரணத்துக்கு அவர் அழுதது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் முறை.

பிறகு கேட்டார்: முக்காலும் எட்டில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு?

"எட்டில் ஏழு." மணி 5:02.

7

எண்ணிக்கையை அனுப்பும் படிவத்தில் ஒரே ஒரு கேள்வி மிச்சம். *ஐந்து மணிக்கு முன் நடந்த உரையாடல் பாடம் தொடர்பானதா? ஆம் / இல்லை.*

நான் எதைத் தொட்டேன் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் கதை என்னைப் பற்றியதாகிவிடும். (கோழை என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன்.)

நடந்தது ஒன்றை மட்டும் சொல்கிறேன். கார்னெல் பேருந்தின் இணையக் கருவியையும் ஒரு பழைய கணினியையும் ஃபிளின்ட்டிலேயே விட்டுவிட்டு வந்தார். மறுநாள் காலை 7:52-க்கு ஐந்தாம் வகுப்புத் திரையில் ஜோவெட்டா என்ற பெயரில் இரண்டு கட்டங்கள் தெரிந்தன. ஒன்றில் பல் தேய்க்காத ஒரு பிள்ளை. இன்னொன்று வழக்கம்போல் இருட்டு. பதிவேட்டில் அதற்கு இடமில்லை, தலைக்குப் பணமும் இல்லை. மிஸ் ஹேர்ஸ்டன் இரண்டு பேரையும் உள்ளே விட்டார்.

இனி படிவம் உங்களிடம். உங்களுக்குப் பின்னால் 189 பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். நான் காபி போட எழுந்து போகிறேன். திரும்பி வந்ததும் எதைத் தொட்டீர்கள் என்று கேட்க மாட்டேன்.