வரிச் சலுகைக்கு ஒரு செபமாலை

சிசிலிக்குத் தோற்றுப் பழக்கமில்லை. அதனால்தான் பகுதி மன்றக் கூட்டத்திலிருந்து திரும்பிய நாள் முழுக்கப் பொருமிக்கொண்டிருந்தாள்.

சிசிலி குடியிருந்த, பிரெஞ்சு பேசும் நகரப் பகுதியான செயின்ட்-மிஷேலில் மூடிக் கிடந்த நூல் ஆலையை ஒரு கட்டட முதலாளி வாங்கியிருந்தான். அதை இடித்து, விற்பதற்கென்று அடுக்குமாடி வீடுகள் கட்டப்போகிறானாம். அதற்கு மன்றம் ஐந்து வருட வரிச் சலுகை தரவேண்டுமாம். அந்த ஆலை வளவில் ஒரு பங்கைக் கூட்டுறவு வீடுகளுக்கு, அதாவது வருமானம் பார்த்து வாடகை வாங்கும் வீடுகளுக்கு, ஒதுக்குங்கள் என்று இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தவள் சிசிலி. சுவர் வியர்க்கிற நிலக்கீழ் வீட்டில் மூன்று பிள்ளைகளோடு இருப்பவள் வேறென்னத்தைக் கேட்பாள்?

மன்றத்தில் யாரும் கேள்வி கேட்கலாம். பெயரை எழுதிப் பெட்டிக்குள் போட வேண்டும். சீட்டு விழுந்தவருக்கு ஒரு கேள்வி, ஒன்றே ஒன்று. சிசிலியும் கேட்டாள். "பரிசீலித்து வருகிறோம் மதாம், மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லி முடித்தார் மன்றத் தலைவர். அடுத்த சீட்டு நாய்ப் பூங்காவைப் பற்றியது. அவளுடைய இரண்டு வருடம் அப்படியே அமுங்கிப்போனது.

"உம்மட பிரெஞ்சு காணாது போல" என்றார் கணவர் பேனாட், சோற்றைப் பிசைந்தபடி.

"பிரெஞ்சு காணும். ஆள்தான் காணாது. ஒரு ஆள் கேட்டா ஒரு மெர்சியோட முடிச்சுப்போடுறாங்கள்."

விடை, அயலிலுள்ள தமிழ்ப் பெண்கள் கூடும் வெள்ளிக்கிழமை செபமாலையில் கிடைத்தது. வழமைபோல ஒருத்தி முற்பாதி சொல்ல, மற்றவர்கள் பிற்பாதி சொல்லிக்கொண்டிருந்தார்கள். முற்பாதி சொன்ன எலிசாவுக்கு நடுவில் இருமல் பிடித்தது. பக்கத்திலிருந்தவள் விட்ட சொல்லிலிருந்தே தொடர்ந்தாள். யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை, செபம் நிற்கவுமில்லை. சிசிலியின் வாய்தான் நின்றுவிட்டது. மாதா மன்னிப்பாள்.

அன்றைக்கே தேநீரோடு பாடம் தொடங்கியது. ஒரு கேள்வியை நாலாக உடைத்து, எல்லாவற்றையும் எல்லாருக்கும் பிரெஞ்சில் மனப்பாடமாக்கினாள். யாருடைய சீட்டு முதலில் விழுமென்று தெரியாதே. சங்கடப்பட்டவள் கனகமணி மட்டும். மட்டக்களப்புக்காரி, கும்பிடுவது பிள்ளையாரை, செபமாலைக்கு வருவது கூட்டுக்காக.

"எனக்கு இந்தப் பாசை நாக்கில பிரளாது கா."

"நாலு வருஷமா பிற்பாதியைப் பிசகாமச் சொல்லுறீர். உது பிரளாதோ?"

அடுத்த கூட்டத்துக்கு ஐந்து பெண்களும் பனிச் சப்பாத்தோடு வேலையிலிருந்து நேரே வந்து இறங்கினார்கள். வரிச் சலுகைக்கு வாக்கெடுப்பு அன்றுதான்.

முதலில் தையல்காரி கௌசலாவின் சீட்டு விழுந்தது. விட்டுக்கொடுக்கும் வரி பொதுப்பணம்தானே என்று கேட்டாள். ஆமாம் என்றார் தலைவர். பிறகு ஒருவர் தெருப்பனி அள்ளுவதைப் பற்றி முறையிட்டார். அவர் முடித்ததும், கௌசலா விட்ட இடத்தில் எலிசா பிடித்தாள். அந்தப் பணத்துக்கு அந்த வளவில் வாடகைக் குடும்பங்களுக்கு எத்தனை வீடு?

"பரிசீலித்து வருகிறோம் மதாம், மெர்சி."

அடுத்தது கார்டெரியில் பிள்ளை பார்க்கும் அனோஜினி. பரிசீலனை வாக்கெடுப்புக்கு முன் முடியுமா, பின்னரா? மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. பின்னர்தான் என்று ஒப்புக்கொண்டார் தலைவர். சிசிலிக்கு ஒரு பக்கம் பெருமை, மறுபக்கம் எரிச்சல். சமைத்தவள் இவள், பரிமாறுவது மற்றவர்களா?

நாலாவது சீட்டு கனகமணி. பரிசீலனை முடியாமல் இன்றைக்கு ஏன் வாக்கு என்று ஒரு சொல் தட்டாமல் கேட்டாள்.

தலைவர் கேள்வியைத் திருப்பிவிட்டார். "மதாம், உங்கள் எல்லாருக்கும் இதைச் சொல்லித்தந்தது எந்தக் கட்சி?" என்று கேட்டார்.

அது பாடத்தில் இல்லை. கனகமணி திரும்பிப் பார்த்தாள். எல்லாம் போச்சு என்றுதான் நினைத்தாள் சிசிலி. இருக்கையைவிட்டு எழுந்துபோய் உதவவும் முடியாது, சைகை காட்டவும் முடியாது.

கனகமணி தன் சொந்தப் பிரெஞ்சில், இலக்கணம் எதுவுமில்லாமல், மெதுவாகச் சொன்னாள். "கட்சி இல்லை ஐயா. எங்களிடம் நிலக்கீழ் அறைதான் இருக்கிறது."

இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை. உறுப்பினர் வரிசையில் ஒரு பெண்மணி தன் ஒலிவாங்கியைப் போட்டு, வளவில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டுறவு வீடுகளுக்கு விட்டால்தான் சலுகை என்று ஒரு திருத்தம் முன்வைத்தார்.

பெட்டியில் கடைசிச் சீட்டு சிசிலியுடையது. கேட்க ஒன்றும் மிச்சமில்லை. ஆனாலும் எழுந்து போனாள்.

"அந்த உறுப்பினர் சொன்ன திருத்தத்துக்கு இப்போதே வாக்கெடுப்பீர்களா?"

"எடுப்போம். நீங்கள் போய் உட்காரலாம், மதாம்."

"பரவாயில்லை. நிற்கிறேன்."

தலைவர் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார். அவள் அசையவில்லை. வாக்குக் கேட்டார். ஆதரவாக இரண்டு கை, எதிராக இரண்டு கை. மிச்சமிருந்தது அவருடைய வாக்கு மட்டும்.

தலைவர் தன் முன்னாலிருந்த கடதாசிகளைப் பார்த்தார். ஒலிவாங்கிக்கு முன்னால் நிற்பவளைப் பார்த்தார். பிறகு, ஆதரவாகக் கையை உயர்த்தினார்.

அதற்குப் பிறகுதான் சிசிலி போய் உட்கார்ந்தாள்.