நாலு விரல் கண்ணாடி

“கண்டுக்கவே இல்லியே மாமா நீ. யாரோ மாதிரி ஏறினேன், யாரோ மாதிரி இறங்கினேன்.”

“டிரைவர் திரும்பித் திரும்பிப் பாத்துக்கினு இருந்தா பஸ்ஸு ஏரில போய் நிக்கும். மிரர்ல பாத்துக்கினுதான் வந்தேன்.”

“பொய்யி.”

“புத்தலப்பட்டு தாண்டினதும் கொய்யாப்பழம் துன்னியே. மூணு. பக்கத்துல இருந்த அம்மாவுக்கு ஒண்ணுகூடக் குடுக்கல.”

“அய்யோ!”

“மிரர்ல என் மூஞ்சி உனக்குத் தெரிஞ்சுதா? தெரிஞ்சா, உன் மூஞ்சியும் எனக்குத் தெரியும். அவ்ளோதான் கணக்கு.”

கல்யாணமான ஐந்தாம் மாதம், திருப்பதி பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டே பேசியது. செங்கல்வராயன் அப்போது சித்தூர்–திருப்பதி வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். பச்சையம்மாளுக்கு இன்னொன்றும் கேட்க ஆசையாக இருந்தது. ஏதாவது ஒரு ஸ்டாப்பிங்கில் வண்டி நிற்கும்போது, மிரரில் பார்க்காமல், ஒரே ஒரு தடவை திரும்பி என்னைப் பார். கேட்டால் டெப்போ முழுக்கச் சொல்லிச் சிரிப்பார் என்று விட்டுவிட்டாள். அதற்குப் பிறகு முப்பத்தோரு வருஷம், எத்தனையோ தடவை அதே வண்டியில் போனாள். கேட்கவில்லை.

இப்போது அவருக்கு அறுபத்திரண்டு. ரிட்டயரான மறு வருஷமே மறதி வந்துவிட்டது. முதலில் சாவியை மறந்தார், பிறகு வீட்டுக்கு வரும் தெருவை, பிறகு அவளை. திருப்பதியில் டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, போனது திரும்பாது, இருக்கிறதும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும் என்றார். நல்ல மனிதர். சொல்லிவிட்டுத் தண்ணீர் கொடுத்தார்.

அவர் பச்சையம்மாளை இப்போது ‘ஆயாம்மா’ என்று கூப்பிடுகிறார். ஆஸ்பத்திரியில் துடைத்துவிட்டு, சோறு ஊட்டும் பெண் என்று எண்ணம். மரியாதையாகத்தான் பேசுவார்.

ஆனால் சித்தூர் கட்டமஞ்சியில் அவர்கள் வீட்டின் கூடத்துக்கும் படுக்கையறைக்கும் நடுவே ஒரு கண்ணாடிக் கதவு இருந்தது. இரட்டைக் கதவு, ஒவ்வொன்றிலும் மேலும் கீழுமாக இரண்டு கண்ணாடி. அறையின் ஜன்னலைப் பக்கத்து வீட்டுச் சுவர் அடைத்துக்கொண்டதால் உள்ளே எப்போதும் இருட்டு. அதனால் கூடத்தில் நிற்பவர்களின் முகம் கதவில் பளிச்சென்று தெரியும். அந்தக் கண்ணாடியில் மட்டும் அவர் பச்சையம்மாளை அடையாளம் கண்டுகொண்டார்.

“பச்சை, எப்போ வந்தே?” என்பார் கதவைப் பார்த்து.

“இப்போதான் மாமா,” என்பாள் அவள், அவருக்குப் பக்கத்தில் நின்றபடி.

கண்ணாடியில் அவளுக்குப் பக்கத்தில் நிற்கும் நரைத்த கிழவனைத்தான் அவருக்குப் பிடிக்கவில்லை. “யார்ரா நீ? என் பொண்டாட்டிகிட்ட இன்னா ஒட்டிக்கினு நிக்கிறே?” போன மாதம் அவனை ஓங்கிக் குத்திவிட்டார். கீழ்க் கண்ணாடி ஒன்று நொறுங்கியது. கையில் ஏழு தையல்.

திருப்பதியில் ஒரு காலேஜ் ஆபீஸில் வேலை பார்க்கும் மகள் அகிலா, அன்று சாயங்காலமே வந்துவிட்டாள்.

“அம்மா, இந்தக் கதவே வேணாம். ரெடிமேடா பலகைக் கதவு கிடைக்குது, நாளைக்கே மாட்டிடலாம்.”

“பலகைக் கதவு போட்டா சமையல்கட்டுல இருந்து உங்க நைனா தெரிய மாட்டாருடி.”

“சும்மா திறந்து வெச்சுக்கோ.”

“பாபுவ வரச்சொல்லி இருக்கேன். இதையே சரிபண்ணித் தருவான்.”

“பிடிவாதம்மா உனக்கு. நைனா கை போயிருந்தா?”

பச்சையம்மாள் கீழே கிடந்த சில்லுகளைக் கூட்டி அள்ளினாள். கதவோடு தானும் போய்விடுவோம் என்பதை மகளிடம் எப்படிச் சொல்வது?

ஆசாரி பாபு மறுநாள் வந்தான். உடைந்த கண்ணாடியைப் பிடித்திருந்த மெல்லிய மரச்சட்டங்களை ஒடியாமல் நெம்பி எடுத்து, அங்கே பிளைவுட்டை வெட்டிப் பொருத்தி, அதே சட்டங்களைத் திரும்ப அடித்தான். மீதிக் கண்ணாடிகளுக்குப் பனி மூடியது போன்ற வெள்ளை ஸ்டிக்கர். சோப்புத் தண்ணீர் தெளித்து, குமிழி இல்லாமல் தேய்த்து ஒட்டினான். கடைசியாக ஒரு மேல் கண்ணாடி மிச்சமிருந்தது. அதில் ஒரு பொட்டு ஒட்டியிருந்தது.

“ஏம் அக்கா, கதவுக்குப் பொட்டு வெச்சிருக்கே?”

“அந்தப் பொட்டுக்கு மேல ரெண்டு விரல், கீழ ரெண்டு விரல் விட்டுடு பாபு. மத்ததெல்லாம் மூடிடு.”

“நடுவுல சந்தா? பாக்க நல்லாருக்காது அக்கா. அகிலா என்னைத்தான் திட்டும்.”

“திட்டினா நான் வாங்கிக்கிறேன். ஒட்டு.”

முந்தின நாள் அவரைக் கதவுக்கு முன்னால் நிறுத்தி, தானும் பக்கத்தில் நின்று, அவர் முகம் தனக்குத் தெரிந்த இடத்தில் அவள் வைத்த பொட்டு அது. அவர் முகம் அவளுக்குத் தெரிகிற இடத்தில்தான் அவள் முகம் அவருக்குத் தெரியும். அவர் அவளைவிட ஒன்றேகால் அடி உயரம். அவருடைய முகம் அவருக்கே தெரிவது இன்னும் மேலே. அது இனி ஸ்டிக்கருக்குள் போய்விடும்.

பாபு போனதும் அவரை அழைத்துவந்து நிறுத்தினாள். தையல் போட்ட கையை மடக்கி வைத்துக்கொண்டு, சண்டைக்குத் தயாராகத்தான் வந்தார். வெள்ளையாக இருந்த கதவை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அந்தச் சந்தைப் பார்த்தார்.

“அவன் போயிட்டானா பச்சை?”

“போயிட்டான் மாமா.”

“அப்பாடா.” கொஞ்சம் யோசித்தார். “அந்த ஆயாம்மாவையும் அனுப்பிடு. பாவம், ரொம்பக் கஷ்டப்படுது. நீதான் வந்துட்டியே.”

பச்சையம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

முதல் வாரம் தினமும் கதவுக்கு முன்னால் நின்று பேசினார்கள். வண்டி பிரேக் சரியில்லை என்றார், கண்டக்டர் சில்லறை தரமாட்டேன் என்கிறான் என்றார். அவள் எல்லாவற்றுக்கும் சந்தைப் பார்த்தே பதில் சொன்னாள். இரண்டாம் வாரம் அவர் பேச்சு குறைந்தது. மூன்றாம் வாரம் சில நாள், கதவு வெறும் கதவு என்பது போலக் கடந்து போனார். போன திங்கட்கிழமை நின்று வெகுநேரம் பார்த்துவிட்டு, “இந்தம்மா யாரு?” என்று பக்கத்தில் நின்ற ஆயாம்மாவிடம் கேட்டார்.

“தெரியலிங்களே,” என்றாள் ஆயாம்மா.

அதற்குப் பிறகு ஆறு நாள் அவர் சந்தைப் பார்க்கவே இல்லை.

இன்று காலை இட்லி ஊட்டிக் கைகழுவிவிட்டு அறைக்கு அழைத்துப் போனபோது, கதவருகில் தானாகவே நின்றார். அவளும் நின்றாள். சந்தில் அவருடைய கண்கள் அவளைத் தேடி, கண்டுபிடித்தன. பழைய டிரைவரின் கண்கள்.

“பச்சை. துன்னியா?”

“துன்னேன் மாமா.”

“கொய்யாப்பழமா?”

இது இன்னொரு தடவை வராது என்று அவளுக்குத் தெரிந்தது. திரும்பினால் அவர் பார்க்கப்போவது ஆயாம்மாவைத்தான் என்பதும் தெரிந்தது. கண்ணாடியில் இருப்பவளையும் அதோடு இழக்க வேண்டியிருக்கலாம். அவருடைய தழும்பு விழுந்த கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“மாமா,” என்றாள். “வண்டி நின்னுக்கினுதான் இருக்குது. ஒரேவாட்டி, திரும்பி என்னைப் பாரு.”