சிலிப்பர் கட்டைச் சீட்டு

ராமுத்தாய் வண்டிச் சக்கரத்தில் கால் வைத்து ஏறி ஒரு விறகை எடுத்து முகர்ந்தாள். கீழே எறிந்தாள்.

"இதை வச்சு எங்கய்யாவை எரிக்க முடியாது மாமா. புகையத்தான் செய்யும்."

தாய்மாமன் சுருளி எறிந்த விறகை எடுத்து வண்டியிலேயே போட்டார். நாலு நாளாக ஐப்பசி மழை. பழனிசெட்டிபட்டி வரை அலைந்தும் ஈர விறகுதான் கிடைத்தது. விடியும்போது காய்ச்சலில் அடங்கிப்போன அவள் அய்யா முத்துக்கருப்பன் உள்ளே கிடந்தார். வீட்டுக்கு எதிரே, போடிக்குப் போடுகிற ரயில் பாதைக்கான ஸ்டோர். தகரக் கூரைக்கடியில், தண்டவாளத்துக்கு அடியில் போடுகிற சிலிப்பர் கட்டைகள் காய்ந்து அடுக்கிக் கிடந்தன. முத்துக்கருப்பன்தான் ஸ்டோர்க்காரர்; எந்தப் பாலத்துக்கு எந்த வண்டி, எந்தச் சுண்ணாம்பு முதலில் போகவேண்டும் என்று அவர் சொன்னால்தான் பாதை நெடுகிலும் வேலை நகரும்.

அவள் நேரே ஸ்டோருக்குப் போனாள். கழித்துப்போட்ட கட்டை தரலாம், சீட்டில்லாமல் எப்படி என்று இழுத்தார் கணக்கெழுதும் ரைட்டர் ஏசுதாசன்.

"ஸ்டோர்க்காரர் கையெழுத்து இல்லாம ஒரு சுள்ளி வெளிய போகக்கூடாதுன்னு உங்கய்யாதான ஆத்தா சொல்லுவாக."

"செத்தவுக எந்திரிச்சு வந்து போடுவாகளா?"

சுண்ணாம்புத் தூசி அய்யாவின் கண்ணைத் தின்று இரண்டு வருசம். விரலை மடக்கிக் கட்டையைத் தட்டி, சத்தத்தை வைத்தே இது தேறும், இது தேறாது என்பார். மிஷன் பள்ளியில் அஞ்சாவது படித்த அவள்தான் வீட்டில் வைத்துச் சீட்டெழுதி, அவர் கையெழுத்தையும் போட்டுவந்தாள். காலையிலேயே அம்மா எச்சரித்திருந்தாள்: இது வெளியே தெரிந்தால், நாளைக்கு எந்தப் பாலத்தில் கீறல் விழுந்தாலும் குருடன் கொடுத்த சாமான் என்று செத்தவர் தலையில் கட்டிவிடுவார்கள்.

அய்யா கண்ணை வாங்கிக்கொண்ட ரயில்காரர்களுக்கு நாலு கட்டை கொடுக்க மனசில்லை. தெரிந்தால் தெரியட்டும் என்று சீட்டுப் புத்தகத்தை இழுத்து, ஏசுதாசன் எதிரிலேயே எழுதி, அய்யாவின் கையெழுத்தைப் போட்டாள்.

ஏசுதாசன் சீட்டை வாங்கிப் பார்த்தார்.

"தேதி போடலையே."

"இன்னைக்கு என்ன தேதி?"

அவர் வெளியே மழையைப் பார்த்தார். "நேத்துத் தேதி போடு ஆத்தா."

அவள் நிமிர்ந்தாள். "எப்பருந்து தெரியும்?"

"மொதச் சீட்டுலருந்து."

சீட்டைத் திரும்பத் தன் பக்கம் இழுத்தாள். நேற்றைய தேதியை எழுதினாள். நேற்று அய்யா இருந்தார். கஞ்சி ஆறிப்போச்சு என்று திட்டினார்.

ஆட்கள் கட்டைகளை வண்டிக்குத் தூக்கினார்கள். ஒவ்வொன்றையும் நிறுத்தி, விரலை மடக்கித் தட்டினாள். இரண்டைத் திருப்பி அனுப்பினாள். சுடுகாட்டுக்குப் பொம்பளை போகக்கூடாது. அவள் வேலை இந்த வாசலோடு சரி.

வண்டி ஓடையைத் தாண்டி மறைந்த பிறகும் மடக்கிய விரலை அவள் நீட்டவில்லை.